ஏறும்போது அடங்கிவந்த ட்ரெய்லர், இறங்கியதும் வாலாட்டியது ஏன்?

கோத்தகிரிப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ள ஒரு முகாம் ட்ரெய்லரை எஸ்யூவியின் பின்னால் கோத்துக் கோத்தகிரிக்குப் போய்த் திரும்பிய பயணம் இது. வண்டி, ட்ரெய்லர், ஓட்டுநர், சாலை எதுவும் மாறவில்லை. போகும்போது அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மணிக்கு 70 கிலோமீட்டரில் இழுத்துப் போனார்கள். பின்னால் ட்ரெய்லர் இருப்பதே தெரியவில்லை. மூன்று இரவு கழித்துத் திரும்பும்போது அதே அன்னூர் சாலையில், 68-இல், ஒரு பேருந்து முந்திச் சென்றதும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தது. மூன்றாவது வீச்சில் இழுக்கும் வண்டியின் பின்பக்கமே சறுக்கியது. இடது சக்கரங்கள் மண் ஓரத்தில் இறங்கி, ட்ரெய்லர் சாலைக்குக் குறுக்கே சாய்ந்த மாதிரி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஒரு பக்க விளக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது.

இந்த ஆட்டத்தைப் பட்டறைகளில் வாலாட்டம் என்பார்கள். பழி வழக்கமாக மலைச் சாலை மேல்தான் விழும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் 15, 20 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போவதில்லை, அந்த வேகத்தில் வாலாட்டம் வராது. மலை இந்தச் சம்பவத்தில் செய்தது வேறு வேலை. மூன்று நாளில் ட்ரெய்லருக்குள் இருந்த எடையை முன்னாலிருந்து பின்னால் நகர்த்திவிட்டது.

வண்டியும் ட்ரெய்லரும்

இழுத்தது ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி. எடை சுமார் 1,900 கிலோ, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2.7 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து, ட்ரெய்லரைக் கோக்கும் ஹிட்ச் உருண்டை வரை 1.2 மீட்டர். (டோ பால் என்றுதான் கடையில் கேட்க வேண்டும். எழுத்தில் ‘பால்’ என்றால் குழப்பம் வரும் என்பதால் இங்கே உருண்டை.) ஹிட்ச் தகட்டில் உருண்டை தாங்கும் செங்குத்துச் சுமை 90 கிலோ என்று பொறித்திருந்தது.

ட்ரெய்லர் ஒற்றை ஆக்சில், இருவர் படுக்கும் அளவு. பதிவில் சுமையோடு மொத்த எடை வரம்பு 900 கிலோ, காலியாக 560 கிலோ. கப்ளரிலிருந்து, அதாவது உருண்டை மேல் பூட்டிக்கொள்ளும் மூக்கிலிருந்து, ஆக்சில் வரை 2.9 மீட்டர். பெட்டி ஆக்சிலுக்கு முன்னும் பின்னும் 1.6 மீட்டர் நீள்கிறது. பின்பக்கம் கதவு. நல்ல தண்ணீர் டேங்க் 60 லிட்டர், ஆக்சிலுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால். கழுவிய தண்ணீர் சேரும் டேங்க் 1.2 மீட்டர் பின்னால். ஓவர்ரன் பிரேக் உண்டு, அதாவது இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கும். ஓட்டுநர் கையில் தனி லீவர் கிடையாது.

சம்பவத்தன்று ட்ரெய்லர் சுமையோடு 770 கிலோ, இழுக்கும் வண்டியின் எடையில் 40 சதவீதம்தான். ஆகவே ‘இழுக்கும் வண்டி சிறிசு’ என்ற சந்தேகத்தை ஆரம்பத்திலேயே தள்ளிவிடலாம்.

எடை மேடையில்

சம்பவம் நடந்த இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டுப்பாளையத்துக்கே திருப்பிக்கொண்டுபோய் எடை போட்டார்கள். நீலகிரி உருளைக்கிழங்கெல்லாம் வந்து இறங்கும் ஊர், எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முதலில் ட்ரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்தினால் 770 கிலோ. பிறகு வண்டியோடு கோத்து, ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினால் 750. வித்தியாசமான 20 கிலோதான் கப்ளர் வழியாக உருண்டையை அழுத்தும் எடை. இதை மூக்குச் சுமை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஆகவே 20 என்பது 10 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். உறுதிப்படுத்த, வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். செய்முறை இது. ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, கை பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் கப்ளர் இறுகி நின்று பொய் எடை காட்டும். வண்டியோடு கோத்திருக்கும்போது கப்ளர் இருக்கும் உயரத்தை அளந்து, மெஷினின் உயரத்தைக் கழித்து, அந்த நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, மெஷின் மேல் நிறுத்தி, அதன் தலையில் கப்ளர் உட்காரும்படி ஜாக்கி வீலை (கழற்றி நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) மெதுவாக மேலே சுற்ற வேண்டும். ஜாக்கி வீல் தரையை விட்டு எழும்பியதும் தெரியும் எடையில் கட்டையின் எடையைக் கழித்தால் மூக்குச் சுமை. கட்டை சரிந்தால் காலில் விழும், எனவே ஜாக்கி வீலைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை மட்டும் தூக்கினால் போதும்.

மெஷின் காட்டியது 21 கிலோ. 770-இல் அது 2.7 சதவீதம்.

எவ்வளவு இருக்க வேண்டும்? அமெரிக்கப் பழக்கம் 10 முதல் 15 சதவீதம், ஐரோப்பியப் பழக்கம் 4 முதல் 7. இரண்டுக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை. ஐரோப்பாவில் உருண்டைக்கு 75, 100 கிலோ என்று வரம்பு, வேகமும் கட்டுப்பாட்டில். அங்கே கனமானவற்றை எல்லாம் ஆக்சில் மேலேயே அடுக்கப் பழகியிருக்கிறார்கள். நம் ஊரில் ஏற்றுவது கைக்கு வந்தபடி, முந்துகிற பேருந்து உரசாத குறையாக. ஆகவே ஹிட்ச் தகடு இடம் கொடுக்கும் வரை 9, 10 சதவீதத்தை ஒட்டி வைப்பதே சரி. 2.7 என்பது எந்தக் கணக்கிலும் தேறாது.

54 கிலோ எங்கே போனது

ஏறியபோது யாரும் எடை பார்க்கவில்லை. ஆனால் எது எங்கே இருந்தது என்று உரிமையாளருக்கு நினைவிருந்தது. ஒரு பொருளின் எடையை ஆக்சிலிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, 2.9-ஆல் வகுத்தால், அது மூக்கில் கூட்டும் சுமை கிடைக்கும். ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால் கழிக்க வேண்டும்.

காலி ட்ரெய்லரின் மூக்குச் சுமை 48 கிலோ. முன்சுவரை ஒட்டிய 30 கிலோ பேட்டரி, 1.5 மீட்டர் முன்னால், 15.5 கூட்டியது. சிலிண்டரும் அடுப்பும் 20 கிலோ, 1.45 மீட்டர் முன்னால், 10 கூட்டியது. நிறைந்த தண்ணீர் டேங்க் 14.5 கூட்டியது. படுக்கை, பாத்திரம் 50 கிலோ ஆக்சில் மேலேயே இருந்ததால் கணக்கில் இல்லை. பின் கதவருகே மடக்கு மேசையும் நாற்காலிகளும் 25 கிலோ, 1.45 மீட்டர் பின்னால், 12.5 கழித்தன. ஆக ஏறும்போது மொத்த எடை 745, மூக்குச் சுமை 75.5, அதாவது 10 சதவீதம். யாரும் திட்டமிடாமல் அமைந்த நல்ல ஏற்பாடு.

கோத்தகிரியில், கோடநாடு போகும் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டித் தங்கினார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் குடிக்கவும் சமைக்கவும் டேங்க் தண்ணீர்தான். மூன்றாம் நாள் அது காலி: 14.5 போச்சு. கழுவிய தண்ணீர் 30 லிட்டர் பின் டேங்கில் சேர்ந்தது: 12.4 போச்சு. ஐப்பசி மழையில் நனைந்த வெளிக்கூடாரத்தைச் சுருட்டி, படுக்கை நனையக்கூடாது என்று பின் கதவருகே போட்டார்கள். அது 15 கிலோ: 7.5 போச்சு. கிளம்பும் நாள் காலை கேரட், பீட்ரூட், உருளை என்று ஒரு மூட்டை, 40 கிலோ. கதவைத் திறந்ததும் கைக்கு எட்டிய இடம் பின்பக்கம்தான், அங்கேயே தள்ளினார்கள்: 20 போச்சு.

75.5-இலிருந்து 54.4 கழிந்து 21.1. மெஷின் காட்டிய 21-ஓடு ஒத்துப்போகிறது.

மொத்த எடை கூடியதோ 25 கிலோதான். ‘பெரிசா ஒண்ணும் ஏத்தலையே’ என்று உரிமையாளர் சொன்னது பொய்யில்லை.

இந்தக் குறை முன்கூட்டியே சத்தம் போட்டிருக்கிறது. கோத்தகிரிக் கடைவீதியில் பள்ளங்களில் ஏறி இறங்கும்போதெல்லாம் கப்ளரில் ‘டக், டக்’ என்று கேட்டதாக ஓட்டுநர் சொன்னார். மூக்கு உருண்டையில் அழுந்தி உட்காராமல், பள்ளத்தில் எழும்பி எழும்பி விழுகிற சத்தம் அது. ஏறும்போது அது இல்லை. சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் லாரியை நிறுத்தி உதவிக்கு வந்தவர் பின் கதவைத் திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, மூட்டைய வால்ல கட்டினா வால் ஆடத்தான் செய்யும்.” எடை மேடைக்குப் போனது அவர் சொன்னதை எண்ணால் எழுதிவைக்கத்தான்.

ஆட்டம் ஏன் அடங்கவில்லை

ட்ரெய்லர் என்பது கப்ளரில் தொங்கும் ஊசல் மாதிரி, படுக்கைவாட்டில். காற்றோ பள்ளமோ அதைத் தட்டிவிடும். டயர்கள் தரையைப் பிடித்து நேராக்கப் பார்க்கும். நேராக்கும்போது கொஞ்சம் தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். வேகம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சின்னதாகி ஓய்ந்துவிடும். வேகம் கூடக் கூட ஓய்வதற்கு நேரமெடுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓயவே ஓயாது, அதைத் தாண்டினால் வீச்சு பெருகிக்கொண்டே போகும். கார்–ட்ரெய்லர் ஜோடிகளின் இந்தக் குணத்தைச் சோதிக்கவே ஐஎஸ்ஓ 9815 என்றொரு தரநிலை இருக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும், ஒவ்வொரு சுமை ஏற்றத்துக்கும் அந்த எல்லை வேகம் மாறும். ஏறும்போது இந்த ட்ரெய்லரின் எல்லை 70-க்கு மேலே எங்கோ இருந்தது. இறங்கியபோது 68-க்குக் கீழே வந்துவிட்டது.

எடை பின்னால் போனால் இரண்டு கெடுதல். ஒன்று, எடையின் மையம் ஆக்சிலை நெருங்குவதால் ட்ரெய்லரை நேராக்கும் பிடிப்பு குறைகிறது. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பொருள் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, ஆட ஆரம்பித்த ட்ரெய்லரை நிறுத்துவது கடினமாகும். அந்த 40 கிலோ மூட்டை 1.45 மீட்டரில் இருந்தால் 84 என்று ஒரு கணக்கு, அதே மூட்டை 60 சென்டிமீட்டரில் இருந்தால் 14. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். பின்னால் மூட்டை வைத்துவிட்டு, சரிக்கட்ட முன்னால் ஒரு மூட்டை வைப்பதும் இதனால்தான் தப்பு. மூக்குச் சுமை சரியாகத் தெரியும், ஆட ஆரம்பித்தால் இரண்டு முனையும் சேர்ந்து வீசும்.

பேருந்து வெறும் தட்டல்தான். முந்தும் பேருந்தின் முகப்பு தள்ளிவரும் காற்று முதலில் ட்ரெய்லரின் பின்பக்கத்தை இடப்புறம் தள்ளும். அப்போது ட்ரெய்லரின் மூக்கு காரின் பின்பக்கத்தை வலப்புறம் இழுக்கும், காரின் முகம் இடப்புறம் திரும்பும். ஓட்டுநர் வலப்புறம் ஒடிப்பார். அதற்குள் பேருந்து கடந்து, ட்ரெய்லர் மறுபக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். அவர் ஒடித்தது அதற்கு இன்னொரு தட்டல்.

காற்றைப் பற்றி

எடைக்கு அடுத்த குற்றவாளி டயர் காற்று. ட்ரெய்லர் தகட்டில் 40 பிஎஸ்ஐ என்று இருக்க, அளந்தபோது இடது 31, வலது 30. காரின் பின் டயர்கள் 30, சுமை ஏற்றும்போது 36 இருக்க வேண்டியவை. தோட்டத்துச் சேற்றுப் பாதையில் பிடிப்புக்காகக் காற்றை இறக்கியிருக்கிறார்கள். திரும்ப அடிக்காததற்குக் காரணம், மலையில் காற்று தானாகக் கூடும், கீழே போனால் சரியாகிவிடும் என்ற பேச்சு.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இந்த வித்தியாசத்துக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ-க்குச் சற்று மேல். ஆனால் மேலே குளிர். 14 டிகிரி காலையில் 40 அடித்த டயர், கீழே 32 டிகிரி வெயிலில் இறங்கும்போது, உள்ளே சூடேறிய காற்று அந்த 2 பிஎஸ்ஐ-யைத் திருப்பிக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டால் கீழே 41. அதாவது ஏறினாலும் இறங்கினாலும் குளிர்ந்த டயரில் அளவு ஏறக்குறைய மாறாது. மலைக்கென்று காற்றை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். சேற்றுக்காக இறக்கினால் தார்ச்சாலைக்கு வந்ததும் அடித்துவிட வேண்டும். 12 வோல்ட் பம்ப் ஒன்று வண்டியில் இருந்தால் பத்து நிமிட வேலை.

குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் நெளியும். ட்ரெய்லரை நேராக்க வேண்டிய விசை அந்த நெளிவில் தாமதமாகிறது, தாமதம்தான் ஆட்டத்துக்குத் தீனி. காரின் பின் டயரிலும் அதே குறை இருந்ததால், ட்ரெய்லர் இழுத்த இழுப்புக்கு எல்லாம் கார் வளைந்து கொடுத்தது.

சந்தேகப்பட்டு விட்டவை

உருண்டையின் விட்டம் வெர்னியரில் 49.6 மில்லிமீட்டர். 50-இல் ஆரம்பித்தது, 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும். தேய்மானம் காரணமில்லை. ஆனாலும் இதை அளந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கடைகளில் 47.6, 50, 50.8 என்று மூன்று அளவிலும் உருண்டை கிடைக்கிறது, கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 50-க்கான கப்ளர் 47.6-இல் பூட்டிக்கொண்ட மாதிரி காட்டி, பள்ளத்தில் கழன்று எழும்பும். 50.8-இல் முழுதாக உட்காராது.

இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது பேரிங்கில் லேசான ஆட்டம். ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கைவிரலால் மட்டும் மறுபடி இறுக்கி, புது ஸ்ப்ளிட் பின் போட்டார்கள். பழைய பின்னைத் திரும்பப் போடக்கூடாது. உருண்டை மையத்திலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் வைத்து அளந்ததில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆக்சில் நேராகத்தான் இருக்கிறது.

ட்ரெய்லரின் மூக்கு பின்பக்கத்தைவிட 3 சென்டிமீட்டர் தூக்கியிருந்தது. மூக்குச் சுமை சரியானதும் காரின் பின்பக்கம் தணிந்து அது தானாகச் சமமானது. சமமாகவோ, ஒரு மயிரிழை மூக்கு தாழ்ந்தோ இருக்கலாம். தூக்கி மட்டும் இருக்கக்கூடாது.

பிரேக் மிதித்தபோது

முதல் வீச்சிலேயே ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தார், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். இரண்டும் இயல்பாக வரும் செயல், இரண்டும் கெடுதல்.

மலையிறக்கம் முழுக்க ஓவர்ரன் பிரேக் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. 15-க்கு 1 என்ற சரிவில் 770 கிலோ ட்ரெய்லர் சுமார் 50 கிலோ விசையோடு காரை முன்னால் தள்ளும், அதில் 10 கிலோ டயர் உருளும் தடையில் போனாலும் மீதி தள்ளல் பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்திக்கொண்டே இருக்கும். கீழே வந்தபோது டிரம் சூட்டில் பிடிப்பு தளர்ந்திருந்தது. அப்படியான ட்ரெய்லரை வைத்துக்கொண்டு கார் திடுமெனப் பிரேக் போட்டால், மோசமான கணக்கில் 230 கிலோ வரை பின்னாலிருந்து தள்ளல் வரும். ட்ரெய்லர் நேராக இருந்தால் பரவாயில்லை. 10 டிகிரி திரும்பியிருந்தால் அதில் 40 கிலோ பக்கவாட்டில், காரின் பின் ஆக்சிலுக்கும் 1.2 மீட்டர் பின்னால் போய் இடிக்கும். பின்பக்கம் சறுக்கியது இதனால்தான்.

ஸ்டீயரிங் கதை வேறு. ஒரு முழு வீச்சுக்கு ஒன்றரை, இரண்டு வினாடி ஆகிறது. கண் பார்த்து, கை ஒடித்து, டயர் திரும்புவதற்குள் ட்ரெய்லர் பாதி வழி மறுபக்கம் வந்துவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆகிவிடுகிறது.

மண் ஓரத்தில் இறங்கியதும் பயத்தில் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். காப்பாற்றியது அதுதான். ஆட்டம் தொடங்கினால் செய்ய வேண்டியதும் அதையேதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, துரத்தாதே, வேகம் தானாக விழட்டும். ‘ஆக்சிலரேட்டர் கொடுத்து இழுத்தால் நேராகிவிடும்’ என்பதை நம்ப வேண்டாம். எல்லை வேகத்தைத் தாண்டியதால் வந்த வியாதிக்கு மேலும் வேகம் மருந்தாகாது. எலெக்ட்ரிக் பிரேக் உள்ள ட்ரெய்லராக இருந்தால் மட்டும், கைக் கட்டுப்பாட்டில் ட்ரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கலாம், அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும்.

இறக்கத்தில் கால் எடுத்தாலும் வேகம் விழாது. எனவே இறக்கத்துக்குள் நுழையும்போதே குறைந்த வேகத்தில், இரண்டாம் கியரில் நுழைய வேண்டும். மலைப் பாதைப் பலகைகள் சொல்வது ட்ரெய்லருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

எடை மேடை அருகே 25 நிமிடம்

மேட்டுப்பாளையத்தில் எடை போட்ட இடத்திலேயே செய்தவை: காய்கறி மூட்டையை ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், தரையில், கயிறு போட்டுக் கட்டினார்கள். மூக்குக்கு 28 கிலோ திரும்பியது. ஈரக் கூடாரம் காருக்குள் போனது, 7.5. மேசை நாற்காலியை ஆக்சில் மேல் படுக்கப்போட்டார்கள், 12.5. மெஷின் 69 காட்டியது, மொத்தம் 755, ஆக 9 சதவீதம். டயர்களுக்குக் காற்று 40-ம் 36-ம். டிரம் கையை அருகில் கொண்டுபோனால் அனல் அடிக்காத அளவுக்கு ஆறும் வரை நின்றார்கள். கழுவிய தண்ணீரைச் சாலையோரத்தில் திறந்துவிடவில்லை, அது ஊர் வந்த பிறகு வெளியேறியது. வெளியேறியதும் மூக்கு 82, மொத்தம் 725.

82 கிலோ 90 என்ற ஹிட்ச் வரம்புக்குள்தான். ஆனால் உருண்டை பின் ஆக்சிலுக்கு வெளியே இருப்பதால், அங்கே 82 வைத்தால் பின் ஆக்சில் மேல் 118 கிலோ ஏறும், முன் ஆக்சிலிலிருந்து 36 கிலோ கழியும். பின் இருக்கையில் மூன்று பேர், அதற்குப் பின்னால் சாமான் என்றால் பின் ஆக்சிலின் வரம்பையும் பார்த்தாக வேண்டும். மூக்குச் சுமை நல்லது என்று 150 வைத்தால் முன் சக்கரம் இலேசாகி, ஈரமான வளைவில் கார் திரும்பாமல் நேரே போகும்.

சோதனை ஓட்டம்

ஆளில்லாத காலை நேரம், நேர்ச்சாலை, காற்று இல்லை. 40-இல் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு தட்டி நேராக்கினால் ட்ரெய்லர் ஒரு முறை ஆடி நின்றது. 50-இல் ஒன்றரை. 60-இல் இரண்டு. அதற்கு மேல் சோதிக்கவில்லை, சோதிக்கவும் கூடாது. எந்த வேகத்திலாவது மூன்றாவது வீச்சு இரண்டாவதைவிடச் சின்னதாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்த ஜோடிக்கு 60 என்று உச்ச வேகம் முடிவானது. 70-இல் போகலாமே என்றால், போகலாம். பேருந்து முந்தும் வரை.

உரிமையாளர் முதலில் கேட்டது ஸ்டெபிலைசர் மாட்டலாமா என்று. கப்ளரில் உராய்வுப் பட்டைகளை உருண்டை மேல் அழுத்திப் பிடிக்கும் வகை நல்ல சாதனம்தான். ஆனால் மூக்குச் சுமை 21 கிலோவாக இருக்கும்போது மாட்டினால், 68-இல் வந்த ஆட்டம் வேறொரு வேகத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதுவரை வந்த எச்சரிக்கையும் மறைந்துவிடும். சுமையைச் சரிசெய்து, காற்றைச் சரிசெய்து, அதன் பிறகு மாட்டினால் பலன் உண்டு. மாட்டினால் உருண்டையில் கிரீஸ் ஒரு துளியும் இருக்கக்கூடாது. புது உருண்டையில் பெயின்ட் இருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். சாதாரண கப்ளருக்குக் கிரீஸ் வேண்டும், இதற்கு ஆகாது. பழக்க தோஷத்தில் கிரீஸ் தடவி, பட்டை கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

இறங்கும் நாள் காலை

வீட்டிலிருந்து கிளம்பும்போது சுமை பார்ப்பவர்கள் பலர். மலையிலிருந்து கிளம்பும்போது பார்ப்பவர்கள் குறைவு, இந்தச் சம்பவம் அந்த இடைவெளியில்தான் நடந்தது. இறங்கும் நாள் காலை கழுவிய தண்ணீரைத் தங்குமிடத்தின் கழிவறைத் தொட்டியில் கொட்டிக் காலி செய்ய வேண்டும், ஓடையிலோ சோலையிலோ அல்ல. நல்ல தண்ணீர் டேங்கில் 30 லிட்டர் விட்டுக்கொள்ளலாம், முன்னால் இருப்பதால் 7 கிலோ மூக்குக்கு உதவும். வாங்கிய காய்கறி ஆக்சில் மேல். பிறகு கட்டையும் மெஷினும்.

பாதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டிப் பாதை ட்ரெய்லருக்கு வேண்டவே வேண்டாம். கோத்தகிரிப் பாதையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்குபவர் பின்னால் எடுக்க நேர்ந்தால் ட்ரெய்லரோடு அது கால்மணி நேர வேலை. எனவே வளைவுக்கு முன்பே, அகலமான இடம் பார்த்து நின்றுவிடுவது புத்திசாலித்தனம். நிற்கும்போதெல்லாம் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். கருகல் வாசனை வந்தால் அரைமணி நேரம். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது, டிரம் வெடிப்பு விடும்.

ட்ரெய்லரின் தரையில் இப்போது சிவப்பு பெயின்டில் இரண்டு கோடுகள், ஒன்று ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், மற்றது 40 சென்டிமீட்டர் பின்னால். முன்னால் இருக்கும் பேட்டரி, சிலிண்டர், அடுப்பு போக, ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான். அளவுக்கு அறுத்த சவுக்குக் கட்டை ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அடுத்த முறை கோத்தகிரியிலிருந்து இறங்குவதற்கு முன் அதை நிறுத்திப் பார்த்ததில் 740-க்கு 81 கிலோ. கடைவீதிப் பள்ளங்களில் ‘டக்’ சத்தம் இல்லை. அன்னூர் சாலையில், 58-இல், பேருந்து முந்தியபோது ஒரு வீச்சு, மறுவீச்சு பாதி, பிறகு ஒன்றுமில்லை.